நடக்கச் சொன்னார் டாக்டர், எங்கே நடப்பது?

பூவத்தில் என் மாமி ஒருவர் இருக்கிறார். வடக்கே தரங்கம்பாடி, தெற்கே காரைக்கால், கிழக்கே கடல் என்று அமைந்த சிற்றூர் அது. மாமிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆண்மக்கள் இருவரும் சபுராளிகள். மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் வீட்டோடு இருக்கிறார்கள். வீட்டில் எந்தக் குறையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். குறை மாமியின் இரத்தத்தில்தான் இருந்தது. காரைக்காலுக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டியபோது, சர்க்கரை மிகுந்திருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதித் தந்தார் அவர். "தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும், மாத்திரையைப் போலவே இதுவும் மருந்து" என்று கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பினார்.

மாமி சொன்ன சொல்லைத் தட்டாதவர். மறுநாளே நடக்கத் தொடங்கிவிட்டார். முதலில் வீட்டு முற்றத்தில் நடந்தார். பதினைந்து சுற்று சுற்றுவதற்குள் தலையும் சேர்ந்து சுற்றியது. அடுத்து மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே காயப்போட்ட துணியும் வற்றலும் வழி மறித்தன. எட்டு மணிக்கெல்லாம் தளம் கால் பொறுக்காத அளவுக்குக் காய்ந்தது. மூன்றாவதாக, சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மெயின் ரோட்டுக்கே போனார். நாகப்பட்டினம் பக்கம் விரையும் பேருந்துகளும் லாரிகளும் ஓரத்தில் காலூன்ற இடம் தரவில்லை. தெருநாய்கள் வேறு. மூன்று நாள் போனார். நான்காம் நாள் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து நான் பூவம் சென்றிருந்தபோது, "ஏன் மாமி, நடப்பதை விட்டுவிட்டீர்களாமே?" என்று கேட்டேன்.

"டாக்டர் நடக்கச் சொன்னார் தம்பி. எங்கே நடக்கிறதுன்னு சொல்லலியே!" என்றார்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் சமுதாயப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் உடல்நலம் பற்றிப் பேசாத நாளில்லை. உணவைக் குறையுங்கள், உடலை அசையுங்கள் என்று எல்லோரும் சொல்லுகிறோம். அசைவதற்கு ஓர் இடம் வேண்டுமே என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் எழுவதாகத் தெரியவில்லை.

நான்கில் ஒருவர்

மாமியின் கதையை ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் மாநிலம் மாநிலமாக நடத்தப்பட்ட நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்றது அந்த ஆய்வு. மாநில வாரியான பட்டியலில் முதலிடம் கோவாவுக்கு. அடுத்த இடம் காரைக்காலையும் உள்ளடக்கிய நம் புதுச்சேரிப் பிரதேசத்துக்கு. வயதுவந்தோரில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல். கோவாவுக்கும் நமக்கும் இடையே உள்ள வித்தியாசம் மயிரிழை.

நூற்றுக்கு 26 என்றால் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகம். விருந்துக்குப் போய் ஒரு சஹனைச் சுற்றி நால்வர் உட்காருகிறோம் அல்லவா? அந்த நால்வரில் ஒருவர். அவர் யார் என்பது பல நேரங்களில் அவருக்கே தெரிவதில்லை.

மற்றொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதாவது, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேர நடை. 2024-இல் வெளியான உலகளாவிய கணக்கின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தச் சிறிய அளவைக்கூட எட்டுவதில்லை. ஆண்களில் நூற்றுக்கு 42 பேர் என்றால் பெண்களில் 57 பேர். பெண்கள் நாள் முழுதும் வேலை செய்கிறார்களே என்று கேட்கலாம். செய்கிறார்கள்தான். ஆனால் அம்மியும் உரலும் கிணற்று வாளியும் இருந்த காலத்து வேலை வேறு. மிக்ஸியும் கிரைண்டரும் மோட்டாரும் வந்த பின்னர் உள்ள வேலை வேறு. உடல் களைக்கிறது, ஆனால் நெஞ்சு வேகமெடுப்பதில்லை.

ஆண்களுக்கு ஒரு வழி இருந்தது. ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போய் வருவது தொழுகையோடு கால்களுக்கும் நன்மையாக அமைந்திருந்தது. இன்று இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளிக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணினால் போதும், நம் சமுதாயத்தின் சர்க்கரைக் கணக்கு விளங்கிவிடும்.

நடை எப்படி மருந்தாகிறது? நடக்கும்போது வேலை செய்யும் தசைகள், இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எரிபொருளாக இழுத்துக்கொள்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும் இந்த இழுப்பு நடைபெறுகிறது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தாலும் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படுகிறது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 500-க்கும் மேற்பட்டோரை மூன்றாண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவிலும் உடலுழைப்பிலும் மாறுதல் செய்துகொண்டவர்களிடம், செய்துகொள்ளாதவர்களைக் காட்டிலும் நோய் வந்தது ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்தது. ஆக, அறிவுரை சரியானதுதான். அறிவுரைக்கும் காலுக்கும் இடையில்தான் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது.

ஒரு காலனியில் நடந்த காரியம்

விட்டுப்போனது என்ன என்பதைச் சென்னையில் ஒரு குடியிருப்பு கண்டுபிடித்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1996-97-ஆம் ஆண்டுகளில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று சோதித்தார்கள். ஒன்று, திருமங்கலம் பகுதியிலுள்ள ஆசியாட் காலனி. நடுத்தர வருவாயினர் வாழும் இடம். மற்றொன்று, தியாகராய நகர்ப் பக்கத்து ஏழை எளியோர் குடியிருப்பு. காலனியில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் நீரிழிவு இருந்தது. ஏழைகளிடம் அதில் பாதியளவே, நூற்றுக்கு ஆறேழு பேர். அன்று அது பணக்கார நோய்தான்.

வந்தோம், எடுத்தோம், போனோம் என்றிராமல், கண்டறிந்ததைக் காலனிவாசிகளிடமே எடுத்துச் சொன்னார்கள் ஆய்வாளர்கள். கூட்டங்கள் நடத்தினார்கள், துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தார்கள். அப்போது அந்தக் காலனியில் வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர் போல. விஷயம் புரிந்ததும் மக்கள் விழித்துக்கொண்டார்கள். நடக்க வேண்டும் என்பது புரிந்தது. நடக்க இடமில்லை என்பதும் கூடவே புரிந்தது. என் மாமி நின்ற அதே இடத்தில் அவர்களும் நின்றார்கள்.

அதற்கு மேல் அவர்கள் செய்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. மனு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. தங்களுக்குள் பணம் திரட்டினார்கள். தங்கள் குடியிருப்புக்குள்ளேயே ஒரு பூங்காவை உருவாக்கினார்கள். நடப்பதற்காகவே அமைந்த பூங்கா அது. சில ஆண்டுகளில் மீண்டும் கணக்கெடுத்தபோது, வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் நடப்போர் அந்தக் காலனியில் பாதிக்கும் அதிகமாகிவிட்டிருந்தனர். இந்த முடிவு 2006-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது.

பத்தாண்டுகள் கழிந்தபின் இரு குடியிருப்புகளையும் மறுபடி சோதித்தார்கள். காலனியில் 12.4 விழுக்காடாக இருந்த நீரிழிவு 15.4 ஆகியிருந்தது. ஏழைகள் குடியிருப்பில் 6.5 விழுக்காடாக இருந்தது 15.3 ஆகியிருந்தது. ஓரிடத்தில் கால்வாசி ஏற்றம்; மற்றோரிடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். பணக்கார நோய் என்ற பெயர் பத்தே ஆண்டுகளில் பொய்த்துவிட்டது.

இந்த வேறுபாடு முழுவதையும் பூங்காவின் கணக்கில் எழுதுவது நியாயமன்று. படிப்பு, வருமானம், உணவு, மருத்துவரை அணுகும் வசதி எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. ஆயினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. நூற்றுக்குப் பதினான்காக இருந்தவர்கள் பாதிக்கு மேல் ஆனது அறிவுரையால் மட்டும் நடந்ததன்று. அறிவுரை அந்த இன்னொரு குடியிருப்பின் காதுகளுக்கும் எட்டியிருக்கும். அங்கே பாதை இல்லை. பூங்கா மிகவும் தேவைப்பட்டது அவர்களுக்குத்தான் என்பதையும் அந்த எண்களே சொல்லுகின்றன.

பூங்காவில் மனிதரை இழுப்பது எது?

பூங்கா என்றதும் நம் கண்முன் வருவது நீரூற்று, சிலை, வண்ண விளக்கு, திறப்புவிழாக் கல்வெட்டு. அழகுக்கு இவை இருக்கலாம். ஆனால் மனிதர் நாள்தோறும் வருவது வேறு சில எளிய பொருள்களுக்காக.

முதலாவது, சுற்றிவரும் பாதை. புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் பாதை. அமெரிக்காவில் பல நகரங்களின் பூங்காக்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வொன்று 2017-இல் வெளியாயிற்று. சுற்றுப்பாதை உள்ள பூங்காக்களுக்கு, அது இல்லாதவற்றைவிட 80 விழுக்காடு அதிகமானோர் வந்தனர். முதியோர் வரவு இருமடங்காக இருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நேர்ச்சாலையில் நடப்பவர் எவ்வளவு தூரம் போனோமோ அவ்வளவு தூரம் திரும்ப வேண்டுமே என்று அஞ்சுவார். சுற்றுப்பாதையில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். இன்றைக்கு மூன்று சுற்று, நாளைக்கு நான்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நடுவில் பிள்ளைகள் விளையாட, தாய் அவர்களைக் கண்ணில் வைத்துக்கொண்டே சுற்றி வரலாம். எதிர்ப்படும் முகங்கள் பத்து நாளில் பழகிவிடும், ஒரு நாள் வராவிட்டால், "நேற்று ஏன் காணோம்?" என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி எந்த மாத்திரையைவிடவும் வலியது.

இரண்டாவது, உட்காரும் இடம். நடக்கும் இடத்தில் உட்கார என்ன வேலை என்று தோன்றலாம். முழங்கால் வலி உள்ளவருக்கு அடுத்த பெஞ்சு எங்கே இருக்கிறது என்பதுதான் தூரத்தின் அளவு. பெஞ்சு இருந்தால் போவார். இல்லையெனில் வீட்டிலேயே இருந்துவிடுவார். நியூயார்க்கின் நடுவே பிரையண்ட் பார்க் என்று ஒரு பூங்கா உண்டு. போதைப் பொருள் விற்போரின் கூடாரமாகி நல்லவர்கள் காலடி வைக்க அஞ்சிய இடம். 1988-இல் அதை மூடிச் சீரமைத்து 1992-இல் மீண்டும் திறந்தனர். செய்த மாற்றங்கள் என்ன? வெளியிலிருந்து பார்வையை மறைத்த உயரமான வேலிச்செடிகளை அகற்றினர், வாசல்களை அகலப்படுத்தினர், விளக்கும் தூய்மையான கழிப்பறையும் அமைத்தனர், எங்கு வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளை நிறைய வைத்தனர். மக்கள் திரும்பி வந்தனர், தீயவர்கள் போய்விட்டனர்.

கழிப்பறையைப் பற்றி நம்மில் பலர் பேசக் கூசுவார்கள். பேசித்தான் ஆக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு அடிக்கடி சிறுநீர் வரும் என்பது அந்த நோயின் முதல் அடையாளம். நோயாளியை நடக்க வரச்சொல்லிவிட்டுக் கழிப்பறையில்லாத பூங்காவைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்? ஆண்கள் சுவரைத் தேடிக்கொள்வார்கள். பெண்கள் வராமல் இருந்துவிடுவார்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நிழலும் விளக்கும் நம் கரையோரத்துக்கு மிக முக்கியம். சித்திரை வைகாசியில் அஸர் வேளையிலும் வெயில் தணிவதில்லை. மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நிழலில்லாத பூங்கா கோடையில் காலி. விளக்கில்லாத பூங்கா குளிர்காலத்தில் காலி.

இப்போது ஊருக்கு ஊர் பூங்காக்களில் இரும்பு உடற்பயிற்சிக் கருவிகளை நட்டு வைக்கிறார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: கடற்காற்று வீசும் ஊரில் அவை துருப்பிடிக்கத்தான் லாயக்கு. வாலிபர்கள் சில நாள் ஆடிப்பார்ப்பார்கள். அதே பணத்தில் நாற்பது மரமும் பத்துப் பெஞ்சும் வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அருகில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், ஒரு பசுமையான பொது இடம் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு அளவு சொல்லியிருக்கிறது. காரைக்கால் கடற்கரை அழகானதுதான். அரசலாற்றின் ஓரமாகக் கடலை நோக்கிக் காலையில் நடப்போரை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் பூவத்திலிருந்து பேருந்தேறிப் போய் நடந்துவிட்டு வர என் மாமியால் ஆகுமா? தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பர் 4-ஆம் நாள் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோ மீட்டர் நடைபாதைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வரவேற்கத்தக்கது. ஆனால் அது நண்டலாற்றுக்கு அக்கரையோடு நின்றுவிடும். நாம் புதுச்சேரிப் பிரதேசத்தார். இக்கரைக்கு வந்தாலும் எட்டுக் கிலோ மீட்டர் திடகாத்திரமானவர்களுக்குத்தான். மாமிக்கு வேண்டியது, வீட்டிலிருந்து கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் ஒரு சிறு வட்டம்.

நம் பிரதேசத்தின் தலைநகரில் செலவே இல்லாத உதாரணம் ஒன்றும் உண்டு. புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை. சாலை அதே சாலைதான். வண்டி நின்றதும் அது பூங்காவாகிவிடுகிறது. கைக்குழந்தைக்காரி முதல் கைத்தடி ஊன்றுபவர் வரை குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

பெண்களுக்கென்று ஒரு வழி

நம் வீடுகளைப் பொறுத்தவரை பிரச்சினையின் மையம் இதுதான். ஆண்கள் எங்கேயாவது நடந்துகொள்வார்கள். நம் பெண்மணிகள் நடப்பது எங்கே, எப்போது, எந்த ஒழுங்கில்?

பெண்கள் வெளியே நடப்பது பற்றிய தயக்கம் நமக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரிய நாட்டின் தலைநகர் வியன்னாவில் 1990-களில் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது வயதைக் கடந்த சிறுமியர் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைந்துபோவதைக் கண்டனர். பையன்கள் பந்து விளையாடி முழு இடத்தையும் பிடித்துக்கொண்டார்கள். சிறுமியர் போட்டி போடவில்லை, ஒதுங்கிவிட்டார்கள். 1999-இல் தொடங்கி இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தனர். பெரிய திடலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தனர், பாதைகளைக் கூட்டினர், விளக்கிட்டனர், கூடி அமர இடம் செய்தனர். சிறுமியர் திரும்பி வந்தனர்.

அபுதாபியில் வேலைபார்த்த நம்மவர்களுக்கு முஷ்ரிஃப் பூங்கா நினைவிருக்கும். 1982-இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் என்று திறக்கப்பட்டு நெடுங்காலம் அப்படியே நடந்தது. 2015-இல் புதுப்பித்து, பெயர் மாற்றி, எல்லோருக்குமாகத் திறந்துவிட்டார்கள். பழைய டெல்லியில் தரியாகஞ்ச் பகுதியில் பர்தா பாக் என்றே பெயர்கொண்ட பெண்கள் பூங்கா இருக்கிறது. எனவே தனி இடம் என்பது நடவாத கனவன்று.

ஆனாலும் எனக்கு ஓர் ஐயம். தனிப் பூங்கா என்றதும் ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பிவிடுகிறோம். மதில் பார்வையை மறைக்கும். பாதுகாப்பையும் சேர்த்தே மறைத்துவிடும். நியூயார்க்கில் வேலிச்செடியை வெட்டியதும் அதற்காகத்தான். சிற்றூரில் தனி இடம் கிடைப்பதும் அரிது. தனி நேரம் வைப்பது எளிது. காலையில் சுபுஹுக்குப் பின் ஒருமணி நேரம் ஆண்களுக்கு. ஒன்பது முதல் பத்தரை வரையும் அஸருக்குப் பின் மஃரிப் வரையும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் என்று ஜமாஅத்தும் ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசி வைத்தால், அதை மீற ஊரில் யாருக்குத் துணிவு வரும்?

நான்கு கரை இருக்கிறதே!

பூவத்தில் இடம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். நாம் காவிரிக் கடைமடையில் வாழ்கிறோம். குளமில்லாத ஊர் இங்கே உண்டா? குளத்துக்கு நான்கு கரை. நான்கு கரையும் சேர்ந்தால் சுற்றுப்பாதை! அமெரிக்காக்காரன் ஆய்வு செய்து கண்டறிந்ததை நம் முன்னோர் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் அதன் கரையில் குப்பை கொட்டுகிறோம்.

ஒருபுறம் 70 மீட்டர், மறுபுறம் 50 மீட்டர் உள்ள சிறு குளத்தை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை சுற்றினால் 240 மீட்டர். எட்டுச் சுற்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ மீட்டர். வயதானவர்களுக்கு அரைமணி நேர நடை. தண்ணீரைத் தொட்டு வரும் காற்று இலவசம். படித்துறை இருந்தால் அதுவே உட்காரும் இடம். கரையை மட்டப்படுத்தி மண் கெட்டிக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கம் தடுப்பு வேண்டும். பூவரசு, புங்கன், புன்னை ஆகியவை உப்புக் காற்றுக்கு அசையாதவை. அவற்றை வெளிப்புறமாக நடலாம். கரைக்கு இரண்டு விளக்கு, கரைக்கு ஒரு பெஞ்சு, ஒரு மூலையில் பெண்களுக்கான கழிப்பறை. கொம்யூன் பஞ்சாயத்தின் இசைவு இன்றியமையாதது. குளம் ஊருக்குச் சொந்தம், ஒருவருக்கன்று.

பணம்? பெற்றோர் பெயரில் நன்மை சேர்க்க விரும்பும் சபுராளிகள் நம்மில் ஏராளம். கிணறு வெட்டுவதும் மரம் நடுவதும் நின்று பலன் தரும் தருமம் என்பதை நாம் அறிவோம். நடந்து களைத்தவர் உட்காரும் ஒரு பெஞ்சும், அவர்மேல் விழும் ஒரு மரத்தின் நிழலும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்லவா? கெய்ரோ மாநகரில் ஐந்நூறு ஆண்டுகளாகக் குப்பை கொட்டிவந்த மேட்டைத் திருத்தி, முப்பது ஹெக்டேர் பரப்பில் அல்-அஸ்ஹர் பூங்காவை 2005-இல் திறந்தார்கள். அதற்குப் பெரும் அறக்கட்டளையின் செல்வம் வேண்டியிருந்தது. ஒரு குளக்கரைக்கு ஒரு தெருவின் மனம் போதும்.

கட்டுவதைவிடக் காப்பது கடினம் என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். திறந்து ஆறு மாதத்தில் விளக்கு எரியாது. ஓராண்டில் வாசலில் பூட்டுத் தொங்கும். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. கூட்டிப் பெருக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் யார் தருவது என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யாத பூங்காவைத் தொடங்காமல் இருப்பதே நலம்.

நடக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் அதிகாலையில் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடப்பது ஆபத்து. மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும், மடியில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளவும். நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே வாயில் போட வேண்டும். வெறுங்காலோடு ஒருபோதும் நடக்கலாகாது. சர்க்கரைக்காரரின் பாதம் முள் தைத்ததையும் சொல்லாது. இரவில் படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுங்கள். நோன்புக் காலத்தில் பிற்பகலில் வேகநடை வேண்டாம். தராவீஹ் தொழுகையே அந்த மாதத்துக்கு நல்ல அசைவு.

சென்ற மாதம் மீண்டும் பூவம் போயிருந்தேன். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மாமி வீட்டில் இல்லை. "குளத்தங்கரைக்குப் போயிருக்காங்க" என்றாள் பேத்தி. கொல்லைப்புற வழியாகப் போய்ப் பார்த்தேன். துப்பட்டி போர்த்திய மூன்று பெண்மணிகள் கிழக்குக் கரையில் வந்துகொண்டிருந்தார்கள், நடுவில் மாமி. மாற்று மதத்துப் பக்கத்து வீட்டம்மா ஒருவரும் கூட. என்னைக் கண்டதும் மாமி கையை உயர்த்தி நான்கு விரலைக் காட்டினார். நான்கு சுற்றா என்று கேட்டேன்.

"சுத்து எங்கே தம்பி சுத்தறது? தென்கரை பூரா கருவேல முள்ளு. மூணு கரையில போய்ப்போய்த் திரும்புறோம். நாலு தடவை ஆச்சு" என்றார்.

தென்கரையைப் போய்ப் பார்த்தேன். இருபதடி நீளத்துக்குச் சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடக்கிறது. இரண்டு ஆட்கள், ஒரு நாள் வேலை.